நான்கு படிகள்

நான்கே படிகள், பக்கத்தில் ஒரு கைப்பிடி. எட்டு வயதுப் பையன் ஒருவன் அவற்றின் அடியில் வந்து நிற்கிறான். விநாடிக் கடிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் இயன்முறை மருத்துவர் தலையசைக்கிறார். பையன் கைப்பிடியைப் பற்றுகிறான். உடலை ஒருபுறம் சாய்த்து ஒரு காலை ஏற்றுகிறான். மறுகாலையும் அதே படிக்கு இழுத்துக்கொள்கிறான். சற்று நின்று அடுத்த படியைப் பார்க்கிறான். ஒத்த வயதுப் பிள்ளைகள் ஓட்டத்தோடு ஓட்டமாகத் தாவிக் கடக்கும் உயரம் அது. பல நாடுகளைச் சேர்ந்த இருநூறுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் இவ்வாறு அளக்கப்பட்டார்கள். வாரந்தோறும் தங்கள் நாளத்தில் ஏறுவது மருந்தா, மருந்தற்ற வெற்றுநீரா என்பதை 96 வாரங்கள் அவர்களும் அறியார், பெற்றோரும் அறியார், ஏற்றிய மருத்துவரும் அறியார்.

அந்த ஆய்வின் முடிவை 2025 நவம்பரில் அமெரிக்காவின் சரெப்டா நிறுவனம் வெளியிட்டது. மருந்து பெற்றவர்கள் படியேறிய வேகத்துக்கும் பெறாதவர்கள் ஏறிய வேகத்துக்கும் இடையே, தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாத வேறுபாடு எதுவும் தென்படவில்லை. ஆய்வு தொடங்கியது 2016இல். அதில் சோதிக்கப்பட்ட கோலோடிர்சென், காசிமெர்சென் என்னும் இரு மருந்துகளுக்கும் விற்பனை அனுமதி கிடைத்ததோ முறையே 2019 டிசம்பரிலும் 2021 பிப்ரவரியிலும். தேர்வு எழுதி முடியுமுன் பட்டம் கொடுத்தாயிற்று. விடைத்தாள் இப்போதுதான் திருத்தப்பட்டு வந்திருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் பல சிறுவர்களுக்கு மருந்து தவறாமல் செல்லவில்லை என்று நிறுவனம் காரணம் கூறுகிறது. தற்காலிக அனுமதியை நிலையான அனுமதியாக மாற்றித் தருமாறு கேட்கவிருப்பதாகவும் அறிவித்திருக்கிறது. இக்கோரிக்கை ஏற்கத்தக்கதன்று என்பதே நம் கருத்து. அவ்வாறு கூறும்போது யாருடைய துயரத்தின் எதிரில் நின்று பேசுகிறோம் என்பதை நாம் மறந்துவிடவில்லை.

தசைச்சிதைவு நோய்களுள் மிகக் கொடியவற்றுள் ஒன்றான டூஷேன் வகையே அச்சிறுவர்களைப் பீடித்த நோய். பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய 3500 முதல் 5000 பேருக்கு ஒருவர் இதற்கு ஆளாகிறார். பாரிஸ் நகர மருத்துவமனைகளில் உழைத்த கியோம் டூஷேன் 1860களில் இதை விரிவாக எழுதிவைத்தார். ஆங்கில மருத்துவர் எட்வர்டு மெரியான் அவருக்குப் பத்தாண்டு முன்னரே சகோதரர்களுக்குள் இந்நோய் தொடர்வதைக் கண்டு சொல்லியிருந்தும், பெயர் பிரெஞ்சுக்காரருக்கே போய்ச் சேர்ந்தது. பிறக்கும்போது பிள்ளையிடம் குறை ஏதும் தெரியாது. நடை பழகத் தாமதமாகும். கெண்டைக்கால் பருத்துத் திரண்டிருக்கும். பார்ப்பவர்கள் அதைப் பலம் என்று எண்ணி மகிழ்வார்கள். மூன்று, நான்கு வயதில் பையன் தரையிலிருந்து எழும் விதம் மாறும். இரு கைகளையும் தரையில் ஊன்றி இடுப்பை முதலில் உயர்த்துவான். பிறகு கையை முழங்காலில் வைப்பான். அங்கிருந்து தொடைக்கு மாற்றுவான். தன் உடம்பையே ஏணியாக்கித் தன்மேல் தானே ஏறி நிமிர்வான். வில்லியம் கோவர்ஸ் 1879இல் விவரித்த இந்த அடையாளத்தை இன்றும் மருத்துவ மாணவர்கள் அவர் பெயராலேயே படிக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் நடை நின்றுபோகும். அதன்பின் கை, முதுகு, மூச்சுத் தசை, கடைசியில் இதயம்.

காரணம் 1986இல் தெரியவந்தது. பாஸ்டன் நகரில் லூயி குன்கெல் தலைமையில் உழைத்த குழு, எக்ஸ் குரோமோசோமில் இந்நோய்க்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தது. அதற்கு வழிகாட்டியது ஒரு நோயுற்ற சிறுவனின் குரோமோசோமில் காணாமற்போயிருந்த ஒரு துண்டு. மறு ஆண்டே அம்மரபணு உருவாக்கும் புரதத்தை எரிக் ஹாஃப்மன் இனங்கண்டார். டிஸ்ட்ரோபின் என்று பெயரிடப்பட்டது. தசைநார் சுருங்கி விரியும் ஒவ்வொரு முறையும் அதன் உறை கிழியாமல் உள்ளிருந்து தாங்கிப் பிடிப்பது இப்புரதம். மனித மரபணுக்களுள் மிக நீளமானவற்றுள் ஒன்று இதற்குரியது: இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள், 79 பகுதிகள். இவ்வளவு நீண்ட சுவடியில் பிழை நேர எத்தனை இடம்! நோயுற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தாயிடமிருந்து எதுவும் வரவில்லை. பிழை புதிதாகத் தோன்றியது. மருமகளைக் கூண்டிலேற்றும் வீடுகளில் இந்த ஒரு செய்தியையாவது மருத்துவர்கள் உரக்கச் சொல்ல வேண்டும்; தாய் வழியே வந்திருந்தாலும் அது அவள் குற்றமன்று என்பதையும் சேர்த்து.

பிழை எவ்வாறு நோயாகிறது, அதை எவ்வாறு திருத்த முயல்கிறார்கள் என்பதைத் தமிழெழுத்தைக் கொண்டே காட்டலாம். உயிரணு மரபுச் செய்தியை மும்மூன்று எழுத்தாகவே வாசிக்கும், இடைவெளி அறியாது. ‘அவன் மரம் நடும் இடம்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். சொல்லுக்கு மூன்றெழுத்து. இரண்டாம் எழுத்தாகிய வகரம் உதிர்ந்துவிட்டால் வாசிப்பு ‘அன்ம ரம்ந டும்இ டம்’ என்று ஆகிவிடும். ஓரெழுத்துத்தான் போயிற்று, தொடர் முழுதும் பாழ். ‘மரம்’ என்ற முழுச்சொல்லும் போயிருந்தாலோ, ‘அவன் நடும் இடம்’ என்று பொருள் குன்றினாலும் வாசிப்பு குலையாது. முன்னது டூஷேன், பின்னது பெக்கர் எனப்படும் மென்மையான வகை. மரபணுவின் ஏறத்தாழப் பாதியையே இழந்தும் அறுபது வயதைக் கடந்து நடமாடிய ஒருவரைப் பற்றி 1990இல் இங்கிலாந்திலிருந்து அறிக்கை வெளிவந்தபோது ஆய்வாளர்களுக்கு ஒரு வழி புலப்பட்டது. உதிர்ந்த வகரத்தை மீட்க முடியாதென்றால், அதன் பக்கத்திலிருக்கும் அகரத்தையும் னகரமெய்யையும் வேண்டுமென்றே மறைத்துவிட்டால் என்ன? ‘மரம் நடும் இடம்’ என்று வாசிப்பு மீண்டும் சீராகிவிடும். டூஷேன் பெக்கராகத் தணியும். இவ்வாறு ஒரு பகுதியைத் தாண்டி வாசிக்கச் செய்யும் மருந்துகளே எடெப்லிர்சென், கோலோடிர்சென், வில்டோலார்சென், காசிமெர்சென் என்பன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைப் பிழைக்கு மட்டும். எடெப்லிர்சென் நூற்றில் பதின்மூன்று பேருக்கு, கோலோடிர்சென் எட்டுப் பேருக்கு.

கருத்தின் அழகில் குறை காண்பதற்கில்லை. நூலளவில் நின்ற அழகு உடலில் பலித்ததா என்பதே கேள்வி.

எடெப்லிர்சென் 12 சிறுவர்களிடம் சோதிக்கப்பட்டது. 2016 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு கூடியபோது நூற்றுக்கணக்கான குடும்பங்கள் மண்டபத்தை நிறைத்திருந்தன. சக்கர நாற்காலிகளில் அமர்ந்து பிள்ளைகளே பேசினார்கள். மருந்து தரும் பலனைத் தசைப்புரத அளவைக்கொண்டு முன்கூட்டி ஊகிக்கலாமா என்ற கேள்விக்கு, ஆம் என்றவர்கள் 6 பேர்; இல்லை என்றவர்கள் 7 பேர். செப்டம்பரில் அனுமதி வந்துவிட்டது. அமைப்பின் உள்ளிருந்த மதிப்பாய்வாளர்கள் மறுத்தனர். மருந்துப் பிரிவின் தலைவர் ஜேனட் உட்காக் அவர்களை மீறி ஒப்பமிட்டார். மறுத்தவர்களுள் ஒருவரான எல்லிஸ் அங்கர், இம்மருந்து அறிவியல் அழகு பூண்ட வெற்று மருந்து என்னும் பொருள்பட எழுதிவைத்த குறிப்பு இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. உட்காக்கை நம்பச் செய்த அளவீடு எது? 48 வாரச் சிகிச்சைக்குப் பிறகு டிஸ்ட்ரோபின், நலமான தசையில் இருப்பதில் 0.16 விழுக்காட்டிலிருந்து 0.44 விழுக்காடாக உயர்ந்திருந்தது. ஆயிரம் பங்கு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு பங்கு. கோலோடிர்சென்னுக்கு அந்த அளவு 1.02 விழுக்காடு. ஐரோப்பிய மருந்து முகமை எடெப்லிர்சென்னை 2018இல் மறுத்தது. அமெரிக்காவில் அதன் விலை ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் டாலராயிற்று.

இம்மருந்துகள் வெளிவந்த விரைவு அனுமதி என்னும் முறை 1992இல் எய்ட்ஸ் நோயாளிகள் மடிந்துகொண்டிருந்த நாட்களில் உருவானது. முழுச் சான்று வரும்வரை காத்திருந்தால் பயன்பெற ஆளிருக்காது என்ற நிலையில், இரத்தத்தில் தெரியும் மாற்றம் ஒன்றை நம்பி மருந்தை வெளியிடுவது. பிறகு உறுதிச் சோதனை நடத்தி நிரூபிப்பது. நிரூபிக்காவிடில் திரும்பப் பெறுவது. இம்மூன்றும் சேர்ந்ததே அம்முறை. முதலாவது நடக்கிறது, இரண்டாவது இழுபடுகிறது, மூன்றாவது பெரும்பாலும் நடப்பதில்லை. ஐரோப்பாவும் இதில் குற்றமற்றதன்று. அடலூரென் என்னும் மருந்துக்கு 2014இல் நிபந்தனை அனுமதி தந்தது. அடுத்தடுத்த சோதனைகள் எதிர்பார்த்த பலனைக் காட்டாமற்போயும், அனுமதியை நீட்டிக்க மறுக்கும் முடிவுக்கு வர 2025 மார்ச் ஆயிற்று. பத்தாண்டுக்கு மேல் ஒரு மருந்தை விழுங்கிவந்த பிள்ளையிடம் இனி இது இல்லை என்று சொல்லும் கொடுமையை அத்தாமதமே வருவித்தது. தவறு திருத்தப்பட்ட நாளில் அந்தக் குடும்பங்கள் அழுதது நியாயமே. அவர்களை அந்நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் யார்?

மரபணு மருத்துவத்தின் கதை இன்னும் கனமானது. பிழை பட்ட மரபணுவுக்குப் பதிலாக நல்லதொன்றை நச்சுயிரியின் கூட்டில் ஏற்றித் தசைக்குள் அனுப்புவது அதன் நோக்கம். அக்கூடு ஏறத்தாழ 4700 எழுத்துகளைத்தான் சுமக்கும். டிஸ்ட்ரோபினுக்குரிய செய்தியைச் சுருக்கினாலும் 11,000 எழுத்து. எனவே புரதத்தின் மூன்றிலொரு பங்கு மட்டுமே கொண்ட குறுவடிவம் ஒன்றை வடித்தார்கள். எலெவிடிஸ் என்ற பெயரில் அது 2023 ஜூனில் நான்கைந்து வயதுப் பிள்ளைகளுக்கென விரைவு அனுமதி பெற்றது. ஒருமுறை செலுத்த 32 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 26 கோடி ரூபாய். நான்கு மாதத்தில் 125 சிறுவர்களைக் கொண்ட உறுதிச் சோதனையின் முடிவு வந்தது. 34 புள்ளிகள் கொண்ட இயக்கத் தேர்வில் மருந்து பெற்றவர்கள் 2.6 புள்ளி கூடினார்கள், பெறாதவர்களோ 1.9 கூடினார்கள். நான்கு முதல் ஏழு வயதுப் பிள்ளை நோயோடும் வளர்கிறான், கற்கிறான். வெற்றுநீர் பெற்றவனும் முன்னேறுகிறான் என்பதற்கு இந்த 1.9 சாட்சி. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் ஒரு தாய் தன் கைபேசியில் எடுத்த காணொளியைச் சான்றாகக் கொள்வது ஏன் ஆகாது என்பதற்கும் இதுவே விடை. அந்தத் தாய் பொய் சொல்லவில்லை. பிள்ளை மெய்யாகவே நன்றாக ஏறினான். மருந்தால்தானா என்பதை அவளால் அறிய இயலாது.

குறியிலக்கை எட்டாத அம்மருந்தின் அனுமதி 2024 ஜூனில் சுருக்கப்படவில்லை, விரிக்கப்பட்டது. நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும், நடை இழந்தவர்களுக்கும்கூட. அப்போதும் உயரதிகாரி ஒருவர், பீட்டர் மார்க்ஸ், தம் மதிப்பாய்வாளர்களை மீறினார். மருந்தின் அளவு உடல் எடைக்கேற்ப ஏறும். பதினைந்து பதினாறு வயதுப் பையனுக்குச் செல்லும் நச்சுயிரிக் கூடுகளின் எண்ணிக்கையும், அவற்றைத் தாங்க வேண்டிய கல்லீரலின் சுமையும் அதற்கேற்ப ஏறும். நடை இழந்த இரு பதின்வயதினர் கல்லீரல் செயலிழந்து இறந்த செய்திகள் 2025 மார்ச்சிலும் ஜூனிலும் வெளியாயின. அதே வகைக் கூட்டைப் பயன்படுத்திய வேறொரு தசைநோய்ச் சோதனையில் மூன்றாமவர் ஒருவரும் மாண்டார். ஜூலையில், மருந்தை அனுப்புவதை நிறுத்துமாறு கட்டுப்பாட்டு அமைப்பு கேட்டது. நிறுவனம் முதலில் மறுத்தது. மூன்று நாள் கழித்தே இணங்கியது. அம்மூன்று நாட்களுக்கு எவ்விதச் சமாதானமும் நமக்குத் தோன்றவில்லை. இன்று அது நடக்கக்கூடிய பிள்ளைகளுக்கு மட்டும், கடும் எச்சரிக்கையோடு.

பெற்றோர் தரப்பை நாம் அறியாமல் பேசவில்லை. இந்நோயில் காலமே தசை. ஓராண்டு காத்திருந்தால் ஒரு படி போய்விடும். போன தசை எந்த மருந்திலும் திரும்பாது. அரிய நோய்க்கு ஆயிரம் பேரைக் கொண்ட சோதனை நடத்த ஆளிருக்காது. என் பிள்ளைக்கு நேரும் ஆபத்தை நான் ஏற்கிறேன், நீ யார் தடுக்க என்று ஒரு தந்தை கேட்டால் எளிதில் மறுமொழி சொல்ல இயலாது. ஆயினும் சொல்ல வேண்டியிருக்கிறது. பலனற்ற மருந்தை ஏற்றிக்கொண்ட பிள்ளை, பலனுள்ள அடுத்த மருந்தின் சோதனைக்கு இடமின்றி விலக்கப்படுகிறான். நச்சுயிரிக் கூட்டை ஒருமுறை கண்ட உடல் எதிர்ப்பொருளை உருவாக்கிவிடுகிறது. பிற்காலத்தில் அதைவிடச் சிறந்த மரபணு மருந்து வந்தாலும் அதே வகைக் கூட்டில் அவனுக்கு அதைச் செலுத்த இயலாது. இவ்வாறு, இல்லாமையைக் காட்டிலும் பொய்த்த மருந்து அதிகம் பறிக்கிறது.

இவ்வளவு ஆரவாரத்துக்கு நடுவே, இப்பிள்ளைகளின் நடையை மெய்யாகவே சில ஆண்டுகள் நீட்டிய மருந்து எது என்று கேட்டால் விடை வெட்கம் தருவது: பழைய ஸ்டீராய்டு. பிரெட்னிசோன் பலன் தருகிறது என்ற முதற்குறிப்பு 1974இல் வந்தது. 103 சிறுவர்களைக் கொண்ட ஒப்பீட்டுச் சோதனை 1989இல் அதை உறுதி செய்தது. முகம் ஊதும், வளர்ச்சி குன்றும், எலும்பு மெலியும். இருந்தும் நடை நீள்கிறது. அதனோடு இரவில் மூச்சுக்கருவி, இதயத்துக்கு உரிய காலத்தில் மருந்து. இருபதைத் தாண்டாதவர்கள் இன்று முப்பதுகளைக் காண்பது இவற்றால். அந்த ஸ்டீராய்டு இனத்தைச் சேர்ந்த டெஃப்லாசகார்ட் நம்மூர் மருந்துக்கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் கிடைப்பது. அதை அமெரிக்காவில் யாரும் பதிவு செய்திருக்கவில்லை. குடும்பங்கள் வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொண்டிருந்தன. 2017 பிப்ரவரியில் மராத்தான் என்னும் நிறுவனம் அதற்கு அனுமதி பெற்று ஆண்டுக்கு 89,000 டாலர் என்று விலை குறித்தது. கண்டனம் எழுந்ததும் மறுமாதமே 14 கோடி டாலருக்கு வேறொரு நிறுவனத்திடம் விற்றுவிட்டு விலகியது. கண்டுபிடிப்பு ஏதுமில்லை, பழைய மருந்துக்குப் புதிய முத்திரை.

நேர்மையான வழியும் இல்லாமற்போகவில்லை. இத்தாலியின் இடால்ஃபார்மகோ நிறுவனம் ஜிவினோஸ்டாட் என்னும் மருந்தை 179 சிறுவர்களிடம் ஒன்றரை ஆண்டு சோதித்தது. எல்லாரும் ஸ்டீராய்டு உண்பவர்கள். அளவுகோல் அதே நான்கு படிகள்தாம். வெற்று மருந்து பெற்றவர்கள் ஏற எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக 3.03 விநாடி கூடிப்போயிற்று. மருந்து பெற்றவர்களுக்கு 1.25 விநாடியே கூடியது. நோயை நிறுத்தவில்லை, சரிவைத் தணித்தது. 2024 மார்ச்சில் கிடைத்தது நிபந்தனையற்ற அனுமதி. மரபணுவில் பிழை எவ்வகைப்பட்டதாயினும் பொருந்தும். டிஸ்ட்ரோபினை இனங்கண்ட அதே ஹாஃப்மன் முப்பது ஆண்டுக்கும் மேலாக இந்நோயோடு மல்லாடி, வளர்ச்சியைக் குன்றச் செய்யாத ஸ்டீராய்டு வகையாக வாமொரோலோனைக் கொண்டுவந்தார். 2023 அக்டோபரில் அதற்கு அனுமதி கிடைத்தது. இவ்விரண்டையும் நாளேடுகள் பெரிதாகக் கொண்டாடவில்லை. முழுக்குணம் என்ற சொல்லை அவை உச்சரிக்காததே காரணம் போலும்.

இந்தியாவில் இவ்வழக்கு வேறு முகம் கொள்கிறது. 2021இன் அரிய நோய்க் கொள்கை, 2022இல் செய்யப்பட்ட மாற்றத்துக்குப் பின், தேர்ந்தெடுக்கப்பட்ட உயர் மையங்கள் வழியாக ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவ வழிசெய்தது. மேலே கண்ட விலைகளின் முன் அத்தொகை எம்மாத்திரம்? இந்நோய்க்கு ஆளான சிறுவர்களின் சார்பில் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் அரிய நோய்களுக்கெனத் தேசிய நிதியம் அமைக்க நீதிமன்றம் பணித்தது. நீதியரசர்களின் இரக்கம் போற்றத்தக்கது. ஆனால், பலன் உறுதிப்படாத அயல்நாட்டு மருந்துக்குப் பொதுப்பணத்தை அள்ளி வழங்குமாறு அரசை நெருக்குவது இரக்கத்தின் திசை தவறியதாகும். தமிழ்நாட்டில் தசைச்சிதைவால் பாதிக்கப்பட்டோருக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய். நாள்தோறும் மகனைத் தூக்கிக் குளிப்பாட்டி, இரவில் ஐந்தாறு முறை புரட்டிப் படுக்கவைக்கும் தாய்க்கு அத்தொகை என்ன செய்யும்? எலெவிடிஸ் ஒரு மருந்தளவின் 26 கோடியைக் கொண்டு எத்தனை மூச்சுக்கருவி, எத்தனை மாவட்டத்தில் இயன்முறை மருத்துவர், எத்தனை தாய்மாருக்கு மரபணுச் சோதனை என்று கணக்கிடத் தொடங்கினால் கை நடுங்குகிறது.

பெங்களூரில் இந்நோயுற்ற பிள்ளைகளின் பெற்றோரே அறக்கட்டளை அமைத்து, பகுதி தாண்டும் மருந்தை உள்நாட்டில் குறைந்த செலவில் உருவாக்க முயல்கிறார்கள். அம்முயற்சிக்கு அரசு பொருளும் தரட்டும். அதனினும் முதன்மையாக ஒப்பீட்டுக் குழுவோடு கூடிய ஒழுங்கான சோதனைக்கு மருத்துவமனைகளைத் திறந்துவிடட்டும். அமெரிக்கா செய்த பிழையை மலிவு விலையில் நாமும் செய்வது பெருமையாகாது.

சரெப்டாவின் கோரிக்கை அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பின் முன் வரும்போது, அவ்வமைப்பு 96 வாரச் சோதனையின் அளவீடுகளைப் பையன் பையனாக, பெயர் நீக்கி, உலகின் எந்த ஆய்வாளரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடச் செய்ய வேண்டும். அந்த அளவீடுகள் நிறுவனத்தின் சொத்து என்று யாரும் சொல்ல வேண்டாம். ஏறத்தாழ இரண்டாண்டு ஊசி தாங்கிய பிள்ளைகள் கொடுத்தவை அவை. பெருந்தொற்றே காரணமென்றால், குறித்த ஆண்டுக்குள் மறுசோதனை நடத்தட்டும். அதுவரை மருந்தைத் தயாரிக்கும் செலவுக்கு மேல் ஒரு டாலரும் விலை வைக்காதிருக்கட்டும். அக்காலத்துக்குள் பலன் தெரியாவிடில் அனுமதி தானே நீங்க வேண்டும், மற்றொரு கூட்டமும் மற்றொரு வாக்கெடுப்பும் இன்றி.

இன்னொன்றும் உண்டு. இச்சோதனைகள் ஏறத்தாழ எல்லாமே நடப்பவர்களை மட்டும் சேர்த்துக்கொள்கின்றன. படியேற முடியாதவன் சோதனைக்குள் நுழையவே முடியாது. இறந்த இரு பையன்களும் அத்தகையோரே. பலன் ஏதென்று அவர்களிடத்தில் ஒழுங்காக அளந்து பாராமலே அவர்களுக்கு மருந்து திறந்துவிடப்பட்டது. நடை போன பிறகும் ஒருவனுக்கு இழக்க இன்னும் எவ்வளவோ இருக்கிறது: கைபேசியில் விரல் ஓட்டுதல், நாற்காலியின் திருகைத் தானே திருப்புதல், தண்ணீர்க் குவளையைத் தானே உதட்டருகே கொண்டுபோதல். முழங்கையை மேசைமீது ஊன்றி, மறுகையால் மணிக்கட்டைத் தாங்கி, தலையைக் குவளையை நோக்கித் தாழ்த்தி அவன் அருந்தும் அந்த ஒரு மிடறுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளவும் அதே கடிகாரம் போதும்.